லாபம் எங்கிருந்து வந்தது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

நம்மவரிடையே முதலாளி என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடையானாலும் சரி, ரொட்டிக் கடையானாலும் சரி, ஜவுளிக் கடையானாலும் சரி, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி. ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் முதல் நாள் கற்றுக்கொள்ளும் சொல்லும் அதுதான். அதே சொல்லை இடதுசாரிகள் மேடையில் உச்சரிக்கும்போது அது வசவாகிவிடுகிறது. முதலாளித்துவம் ஒழிய வேண்டும் என்கிறார்கள். கேட்டதும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. அவர்கள் கடவுள் இல்லை என்கிற கூட்டம், அவர்கள் பேச்சு நமக்கெதற்கு என்று சொல்லிவிட்டுக் கல்லாவைப் பூட்டிக்கொண்டு தொழப் போய்விடுகிறோம்.

இந்தப் பதில் மார்க்கத்துக்கு ஒத்த பதில்தானா என்பதை இன்று சிறிது சிந்திப்போம். இடதுசாரிகளின் கொள்கையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். உன் லாபம் எங்கிருந்து வந்தது என்பதே அக்கேள்வி. கேட்பவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில், பொருளைப் பற்றி மறுமையில் ஒவ்வோர் அடியானிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று. எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் பதில் உண்டு. பள்ளிவாசல் கட்டினோம், மதரஸாவுக்குக் கொடுத்தோம், குமர் காரியத்துக்கு உதவினோம் என்று சொல்லலாம். முதல் கேள்விக்கு என்ன சொல்வது?

கேட்பவன் யார்?

நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் மக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. யமன் தேசத்து ஸுபைத் கோத்திரத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் சரக்குக் கொண்டு வந்தார். குறைஷிகளில் செல்வாக்குப் படைத்த ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு கிரயம் கொடுக்காமல் இழுத்தடித்தான். வெளியூர்க்காரருக்கு ஆதரவு இல்லை. அவர் மலைமேல் ஏறி நின்று ஊரார் கேட்கும்படி முறையிட்டார். அதைக் கேட்டு மனம் பொறாத சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதிக்கு ஆளானவர் உள்ளூராரோ வெளியூராரோ, அவருடைய உரிமை அவருக்குக் கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஹில்புல் புளூல் என்று அதற்குப் பெயர்.

வாலிபராயிருந்த நாயகம் (ஸல்) அவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய உடன்படிக்கைக்குத் தம்மை அழைத்தால் இசைந்து வருவேன் என்ற கருத்தில் அவர்கள் பிற்காலத்தில் பேசியதைச் சீறா நூல்களில் காண்கிறோம். அங்கே கூடியவர்கள் யார்? சிலை வணங்கிகள். அவர்கள் கூடியது எதற்கு? வியாபாரத்தில் நடந்த ஓர் அநீதியைத் தீர்க்க. அவர்களுடைய வணக்கத்தை நாயகம் அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் எடுத்து நிறுத்திய நியாயத்தைக் கடைசிவரை மறுக்கவும் இல்லை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று திருமறையின் ஐந்தாவது அத்தியாயம் எட்டாவது வசனமும் கட்டளையிடுகிறது. கடன் கொடுத்தவன் தொழாதவன் என்பதற்காக அவன் கடன் தள்ளுபடியாகுமா? அவ்வாறே, கேட்பவன் இடதுசாரி என்பதற்காக அவன் கேட்கும் கணக்கும் தள்ளுபடியாகாது.

அவர்கள் சொல்வது என்ன?

கார்ல் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் 1867-ல் மூலதனம் என்ற நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். உலகமெங்கும் இடதுசாரிகள் இன்றளவும் பேசுவதற்கு அஸ்திவாரம் அந்த நூல். அதன் சாரத்தை நம் கடை பாஷையில் சொல்லிப் பார்ப்போம். ஒருவன் காலை முதல் மாலைவரை வேலை செய்கிறான். அவன் வாங்கும் கூலிக்கு ஈடான வேலை நண்பகலிலேயே முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் அவன் உழைத்த உழைப்பின் பயன் முதலாளியிடம் தங்குகிறது. லாபம் என்பது அதுதான் என்கிறார் மார்க்ஸ்.

வியாபாரியாகிய நமக்கு இதில் ஆட்சேபணை உண்டு. சரக்குத் தேடி அலைவதும், நஷ்டத்துக்குத் துணிவதும், ஓரிடத்துப் பொருளை மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் உழைப்பல்லவா? அல்லாஹ் வட்டியை ஹராமாக்கி வியாபாரத்தை ஹலாலாக்கினான். வியாபார லாபம் முழுவதும் திருட்டு என்றால் அந்த அனுமதிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஆகவே அவர்கள் கணக்கை அப்படியே நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்தக் கணக்கு எந்த மண்ணில் எந்தக் காரணத்தால் மக்கள் மனத்தில் பதிந்தது என்று பார்த்தால், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

மலாயாவில் வியாபார முறையில் முதன்முதல் ரப்பர் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீனச் செல்வர் பயிரிட்டார். பின்னர் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன. காடு தோட்டமாயிற்று. தமிழ் நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். டுரியான் துங்காலைச் சுற்றி இன்று செம்பனை நிற்கும் இடங்களில் முன்பு கித்தா மரம் நின்றது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, இருட்டில் மரம் சீவி, பாலைச் சுமந்து, லயத்தில் படுத்தவர்கள் நம் வாடிக்கைக்காரர்கள். தோட்டத்து ஓரத்திலும் சிற்றூர்க் கடைத்தெருவிலும் கடை போட்ட நம் முன்னோர் அவர்களுடைய சம்பள நாளை நம்பித்தான் பிழைத்தார்கள்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளர் ஒருவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கவனியுங்கள். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வை. கள்ளுக்கடையை மூடு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. இவற்றில் மார்க்கத்துக்கு விரோதமானது எது? கள்ளுக்கடை வருமானம் வேண்டுமென்று சர்க்கார் நினைத்த காலத்தில், அதை மூடச் சொன்னது கூலிக்காரர்களின் சங்கம். மனிதனுக்கு மனிதன் தலைகுனிந்து நிற்கலாகாது என்று பாங்கு சொல்லி ஐந்து வேளையும் நினைவூட்டும் நாம் அந்தச் சைக்கிள் கோரிக்கையை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

யுத்தம் முடிந்த பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக எஸ். ஏ. கணபதி வந்தார். நம்மவரில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்தார் அனைவரும் அறிந்த தம்பிக்கோட்டையில் பிறந்தவர் அவர். அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஆயுதம் வைத்திருந்தார் என்று குற்றஞ்சாட்டி, 1949 மே 4-ஆம் தேதி புடுச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்த அவசரகாலம் 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31-ல் முடிந்தது. காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் தோட்டக்காரர்களைக் கொன்றார்கள், பஸ்களைக் கொளுத்தினார்கள், எளிய தொழிலாளிகளையும் விட்டுவைக்கவில்லை. சர்க்கார் ஜனங்களை முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தது. கடைக்காரர்கள் பாடு இரு பக்கத்தாலும் திண்டாட்டமாயிற்று. காட்டுக்குச் சாமான் போய்விடக் கூடாதென்று, விற்கும் டின்னை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்கவும், யாருக்கு என்ன விற்றோம் என்று கணக்கு எழுதவும் உத்தரவு வந்தது. கொடுத்தால் சர்க்காருக்குக் குற்றவாளி, கொடுக்காவிட்டால் காட்டுக்காரனுக்கு விரோதி. இடதுசாரி என்ற பேச்சு எழுந்தாலே நம் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். பயம் நியாயமான பயந்தான். ஆனால் அந்தப் பயத்தோடு சேர்த்துத் தொழிலாளியின் நியாயத்தையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டோமா என்பதே கேள்வி.

நாம் ஒப்பாதது எது, ஒப்புவது எது?

இடதுசாரிகள் ஆட்சி பிடித்த தேசத்தில் என்ன நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இமாம் புகாரி (ரஹ்) பிறந்த புகாரா, சமர்கந்து முதலான பகுதிகளில் சோவியத் ஆட்சி பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் மூடியது. அரபு எழுத்தை நீக்கி முதலில் லத்தீன் எழுத்தையும், பிறகு ரஷ்ய எழுத்தையும் புகுத்தியது. பாட்டனார் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாமல் போயிற்று. ஏழைக்காக என்று சொன்ன ஆட்சியில் ஏழை வாய்திறக்க முடியவில்லை. 1991-ல் அந்த ஆட்சி குலைந்தது. ஈமானைப் பறித்துவிட்டு ரொட்டி கொடுப்பதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம்.

அதே சமயத்தில், இடது பக்கம் நின்றவர்கள் எல்லாரும் மார்க்கத்தை விட்டவர்கள் என்பதும் உண்மையன்று. இன்குலாப் ஜிந்தாபாத் என்ற முழக்கத்தைத் தந்த மௌலானா ஹஸ்ரத் மோஹானி, 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவர். அவரே பலமுறை ஹஜ்ஜுச் செய்த தொழுகையாளி. இந்நாட்டில் மலேசிய சோசலிஸ்டுக் கட்சியின் முதல் தலைவராயிருந்த டாக்டர் முகமது நாசிர் ஹாஷிமும் ஒரு முஸ்லிமே.

இவர்களுக்கெல்லாம் முன்னால் நம் சரித்திரத்தில் அபூதர் கிபாரி (ரலி) இருக்கிறார்கள். தங்கமும் வெள்ளியும் சேர்த்துப் பூட்டிவைப்போரைப் பற்றிய திருவசனத்தை (9:34) எடுத்துக்கொண்டு, டமாஸ்கஸில் கவர்னராயிருந்த முஆவியா (ரலி) அவர்களிடமே வாதாடியவர்கள். கடைசியில் ரபதா என்ற பாலைவன ஊரில் தனிமையில் மறைந்தார்கள். தேவைக்கு மிஞ்சியதை வைத்திருக்கவே கூடாது என்ற அவர்களுடைய அபிப்பிராயத்தை மற்ற ஸஹாபாக்கள் ஏற்கவில்லை. ஜக்காத் கொடுத்த பொருள் ஹலாலான பொருளே என்றார்கள். உதுமான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) போன்ற செல்வர்களும் ஸஹாபாக்கள்தாம். ஆகவே சொத்து வைத்திருப்பது குற்றமன்று. இது நமக்குத் தைரியம் தரும் செய்தி.

ஆனால் அதே அபூதர் (ரலி) அவர்கள் அறிவித்த மற்றொரு ஹதீஸ் இருக்கிறது. அதில் ஸஹாபாக்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. உங்கள் கையின்கீழ் வேலை செய்வோர் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் கொடுங்கள், உடுப்பதையே உடுத்துங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது அதன் கருத்து. அவர்களும் அவர்களுடைய பணியாளும் ஒரே மாதிரி ஆடை உடுத்தியிருந்ததைக் கண்டு ஒருவர் காரணம் கேட்டபோதுதான் இதை அறிவித்தார்கள்.

செல்வம் உங்களில் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்ற காரணத்தைத் திருமறையே (59:7) சொல்கிறது. மத்யன் ஊராருக்கு அனுப்பப்பட்ட ஷுஐப் (அலை) அவர்கள், அல்லாஹ்வை வணங்குங்கள் என்றதோடு அளவையையும் நிறையையும் குறைக்காதீர்கள் என்றும் போதித்தார்கள். நம் பொருளை நம் இஷ்டப்படி செய்வதை உமது தொழுகையா தடுக்கச் சொல்கிறது என்று அந்த ஊர் வியாபாரிகள் அவர்களை ஏளனம் செய்தார்கள். என் கடை, என் காசு, என் இஷ்டம் என்ற பேச்சு மத்யன் காலத்துப் பழைய பேச்சு.

குகையில் அடைபட்ட வியாபாரம்

முதலாளியும் தொழிலாளியும் என்ற வழக்குக்கு நம் மார்க்கத்தில் எனக்குத் தெரிந்த ஆழமான பதில், மூவர் குகையில் அடைபட்ட வரலாற்றில் உள்ளது. மலையிலிருந்து பாறை உருண்டு குகையின் வாசலை அடைத்துவிட்டது. மூவரும் தாம் அல்லாஹ்வுக்காகவே செய்த ஒரு நற்செயலைச் சொல்லி துஆக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் கூலிக்கு ஆள் வைத்தவர். ஒரு கூலியாள் தன் கூலித் தானியத்தை வாங்காமலே போய்விட்டான். முதலாளி அதைத் தனியே வைத்து விதைத்தார். விளைந்ததை விற்று மாடு வாங்கினார். அது பெருகிப் பெருகி மந்தையாகி, மேய்ப்பவனும் சேர்ந்தான். காலங்கழித்துக் கூலியாள் வந்து, அல்லாஹ்வுக்குப் பயந்து என் கூலியைக் கொடும் என்றான். அதோ நிற்கும் மந்தை உன்னுடையது, ஓட்டிக்கொண்டு போ என்றார். அவன் கேலி செய்யாதீர் என்றான். கேலியில்லை, உன் கூலியின் பெருக்கம் இது என்றார். ஒன்றுவிடாமல் ஓட்டிச் சென்றான். அந்தச் செயலின் பொருட்டும் பாறை நகர்ந்தது.

அவர் அந்தத் தானியத்தை மட்டும் அளந்து கொடுத்திருந்தால் ஊரார் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தம்மிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். இந்த மந்தை எங்கிருந்து வந்தது? அவன் வியர்வையிலிருந்து. மார்க்ஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் ஹதீஸ் நூல்களில் இடம்பெற்ற கேள்வி இது. இடதுசாரி தொழிலாளியின் பக்கம் நின்று இதைக் கேட்கிறான். நம் மார்க்கம் முதலாளியின் நெஞ்சுக்குள் நின்று கேட்கிறது. முதலாளி தானே கேட்டுக்கொள்ளாத நாட்டில்தான் பிறர் கொடி பிடித்துக் கேட்கிறார்கள்.

கதீஜா (ரலி) அவர்களின் முதலை எடுத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வியாபாரம் சென்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஒருவர் முதல் போடுவதும், மற்றவர் உழைப்பைப் போடுவதும், லாபத்தைப் பேசியபடி பகிர்ந்துகொள்வதும் முளாரபா என்று பிக்ஹில் சொல்லப்படும். நஷ்டம் வந்தால் பணம் முதல் போட்டவருக்குப் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். நம் முன்னோர் கடைகளிலும் நம்பிக்கையான பையனைச் சில ஆண்டுகளில் உழைப்புப் பங்காளியாக்கும் வழக்கம் இருந்தது. இன்று கடைகள் பெரிதாயின. அந்த வழக்கம் சிறுத்துவிட்டது.

நம் கடைக்குள் வருவோம்

பொதுப்பேச்சை இத்துடன் நிறுத்திக்கொண்டு அன்றாடக் காரியங்களைப் பார்ப்போம்.

முதலாவது, வேலையாள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைச் சீமையிலிருந்து கடன்பட்டு வரும் பிள்ளைகள் நம் கடைகளில் நிற்கிறார்கள். வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. ஓடிப்போய்விடுவான் என்பது காரணம். ஒருவருடைய பாஸ்போர்ட்டை மற்றவர் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். மார்க்கப்படியும் பாருங்கள். மறுமையில் மூவருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸில் வருகிறது. வாக்குக் கொடுத்து மோசம் செய்தவன், சுதந்திர மனிதனை விற்றுக் கிரயம் தின்றவன், ஆளை வைத்து வேலையை முழுவதும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். தாய் இறந்த செய்தி வந்தும் புறப்பட முடியாமல் பெட்டிக்குள் பாஸ்போர்ட்டு கிடக்கிறவன் எந்த அளவுக்குச் சுதந்திரன் என்பதை அவரவரே யோசித்துக்கொள்ள வேண்டும்.

கூலிக்கு இந்நாட்டில் சட்டம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளைக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரந்தான் சாதாரண வேலை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி என்றும், ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் என்றும் உயர்த்தினார்கள். அயல்நாட்டு ஆளுக்கும் இது பொருந்தும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து, சர்க்கார் கொடுத்த ஏழு நாள் தவணையையும் தாண்டுவது அழகா?

இரண்டாவது, பற்றுப் புத்தகம். 555 என்று அட்டையில் போட்ட சிறிய புத்தகத்தை நம்மில் அறியாதவர் இல்லை. அந்தப் புத்தகம் எத்தனையோ தோட்டக் குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது. வேறெவரும் நம்பாத ஏழையை நம்பிக் கடன் கொடுத்தது நம் கடைகள். இதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் எழுதுகோல் நம் கையில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் கணக்கில் ஒரு வரி கூடுவதும், கடன்காரர் வேறு கடைக்குப் போக முடியாதென்று தெரிந்து மட்டச் சரக்கை அவருக்குத் தள்ளுவதும் எங்கும் நடக்கக்கூடியவையே. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று முன்கூட்டியே பேசி ஒன்றை முடிவு செய்தால் அது கூடும் என்பது உலமாக்களில் பெரும்பாலோர் கருத்து. சொல்லாமல் பின்னால் ஏற்றுவது கூடாது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது அதைவிட நன்மை என்றும் திருமறை (2:280) போதிக்கிறது. புத்தகத்தைக் கடன்பட்டவர் கையிலும் ஒன்று கொடுத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது நல்ல பழக்கம்.

மூன்றாவது, பதுக்கல். சலுகை விலையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசுக்குக் குடும்பங்களுக்காக வருகிறது. தட்டுப்பாடு வந்தால் அது சில கடைகளில் பின்கட்டுக்குப் போய்விடுகிறது. வேறு சாமான் வாங்கினால்தான் எண்ணெய் என்கிறார்கள். சாப்பாட்டுக் கடைச் சட்டிக்கும் போகிறது. விலையேற்றத்துக்காகப் பதுக்குகிறவன் பாவி என்று ஹதீஸ் இருக்கிறது. மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி கேட்டதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை என்ற ஹதீஸை வியாபாரிகள் நாம் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறோம். அது இயல்பாக ஏறிய விலையைப் பற்றியது. வியாபாரிகள் கூடிப் பேசி ஏற்றினாலோ, ஜனங்களுக்கு அவசியமானதை அடக்கிவைத்தாலோ ஆட்சியாளர் நியாய விலைக்கு விற்கச் செய்யலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நான்காவது, ஜக்காத். நூற்றுக்கு இரண்டரை கொடுத்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஜக்காத் ஹலாலான பொருளைத் தூய்மைப்படுத்துவது. வேலையாளின் கூலியில் பிடித்த நூறு வெள்ளியை அது தூய்மைப்படுத்தாது. அந்த நூறு அவனுக்கே சேர வேண்டியது. கூலிக்குப் பதிலாக ஜக்காத்தைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்வதும் கூடாது.

ஓர் ஆட்சேபணை

நாங்கள் பெரிய முதலாளிகளா? நாங்களே சிறு வியாபாரிகள், வாடகையும் வரியும் எங்களை நசுக்குகின்றன, பக்கத்தில் பேரங்காடி வந்து விலையைக் குறைத்து எங்கள் வாடிக்கையை இழுத்துக்கொண்டது, எங்களிடம் என்ன கேள்வி என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான துக்கந்தான். ஆனால் நீங்கள் அப்பொழுது பேரங்காடியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? பெரிய முதலை வைத்துக்கொண்டு சிறியவனை விழுங்குகிறான், இதற்குக் கேள்வி முறையில்லையா என்கிறீர்கள். சகோதரர்களே, இது இடதுசாரியின் பேச்சேதான்! நமக்கு மேலே இருப்பவனை நிறுக்க நாம் எடுத்த தராசு அது. அதே தராசில் நமக்குக் கீழே இருப்பவன் நம்மை நிறுத்துப் பார்க்கும்போது மட்டும் படிக்கல் சரியில்லை என்று சொல்லலாமா? வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் உரிய எச்சரிக்கையன்று. நியாயத்தை அளப்பதற்கும் அதுவே சட்டம்.

அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சங்கம் கட்சிச் சங்கமன்று. எவருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. தேர்தல் வந்தால் வேட்பாளரிடம் நாம் கேட்பது என்ன? லைசென்சு, வேலையாள் பெர்மிட், கடைக்கு இடம். இவை அவசியந்தான். தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் கட்டும்போது, தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களுக்கு வீடு உண்டா என்றும் அதே வேட்பாளரைக் கேளுங்கள். சுங்கை சிப்புட்டில் 2008-ல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் மூத்த மந்திரி ஒருவரைத் தோற்கடித்ததற்கு, இத்தகைய கேள்விகளைத் தோட்ட ஜனங்களோடு நின்று பல ஆண்டுகள் கேட்டுவந்ததும் ஒரு காரணம். அந்த ஜனங்கள் நம் பற்றுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள். அவர்களுடைய கவலையைக் கேட்க முதலில் போயிருக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே சகோதரர்களே, இந்த மாதத்திலேயே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. பெட்டியில் பாஸ்போர்ட்டு இருந்தால் உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். சம்பளத்தைக் குறித்த நாளில் கொடுங்கள். நீங்கள் உண்ணும் சட்டியிலிருந்தே வேலையாளுக்கும் பரிமாறுங்கள். பத்தாண்டு உழைத்த பையனுக்கு ஒரு பங்கு வைக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். இரவு கடை சாத்தி வசூலை எண்ணும்போது, இதில் எவனுடைய உரிமையாவது கலந்திருக்கிறதா என்று மனத்துக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் ரிஜ்க்கில் பரக்கத் செய்வானாக. ஹலாலைக்கொண்டு நம்மைப் போதுமாக்கி ஹராமைவிட்டுக் காப்பானாக. நம் கையின்கீழ் உழைப்போரின் உரிமையை நிறைவேற்றியவர்களாக நம்மைத் தன் சந்நிதியில் எழுப்புவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.